கருப்பு பூடில் சாம்பலாகிறதா, வெயிலில் வெளுக்கிறதா?

சுருள்வால் கேட்டது:

மினியேச்சர் பூடில் நாய், ஆண், 11 மாதம். எட்டு வாரக் குட்டியாக வந்தபோது மூக்கிலிருந்து வால் வரை கன்னங்கரேல். பதிவுச் சான்றிதழிலும் கருப்பு என்றுதான் போட்டிருக்கிறது. இப்போது முதுகில் மேலாக செம்பட்டை ஓடியிருக்கிறது. முகத்தை ஒட்ட வழித்தால் அடியில் சாம்பல் தெரிகிறது. காதும் தலைக்கொண்டையும் மட்டும் இன்னும் கருப்பு. இது சாப்பாட்டுக் குறையா, நோயா, இல்லை இயல்பா? எந்த நிறத்தில் போய் நிற்கும்? இன்னொன்று: ஒரு மாதமாக தினமும் சீவியும் சடை பிடிக்கிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

கத்திரியும்சீப்பும்:

முதலில் ஒரு வேலை செய்யுங்க. தோள்பட்டையில் முடியை வகிடு எடுத்து, பகல் வெளிச்சத்தில் தோல் வரைக்கும் பாருங்க. ட்யூப்லைட்டில் பார்த்தால் எல்லா கருப்பும் நீலமாகத்தான் தெரியும். ஒரு சிட்டிகை முடியை தோலோடு ஒட்ட வெட்டி, வெள்ளை அட்டையில் வேர் கீழே, நுனி மேலே வருகிற மாதிரி டேப் போட்டு ஒட்டுங்க.

வேர் கருப்பு, நுனி செம்பட்டை என்றால் வெயில் (நீச்சல்குளத்துக் குளோரினும் இதே வேலையைச் செய்யும்). நிறமி வெளியிலிருந்து சிதைகிறது. அந்த நுனியை வெட்டி எறிந்தால் பழைய கருப்பு வந்துவிடும். வேர் சாம்பல், நுனி கருப்பு என்றால் உள்ளிருந்து வருகிற மாற்றம். முளைக்கிற முடியே நிறமி குறைந்து முளைக்கிறது, அதை எதுவும் தடுக்காது. நீங்க சொல்றதைப் பார்த்தால் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்குது போல.

பூடில் முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 முதல் 1.25 செ.மீ. வளரும். அதனால் அந்த ஒரு முடியே நாட்காட்டி மாதிரி. சாம்பல் பகுதியை ஸ்கேல் வைத்து அளந்தால் மாற்றம் எப்போது தொடங்கியது என்று உத்தேசமாகக் கணக்குப் போடலாம். காது ஏன் கடைசி வரை கருப்பு என்பதற்கும் பாதி பதில் இதிலேயே இருக்கு. 15 செ.மீ. காது முடியின் நுனிக்கு ஒரு வருஷ வயசு. அது குட்டிப் பருவத்து முடி. முகத்தை இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வழிக்கிறோம், அங்கே புது முடி மட்டும்தான் கண்ணில் படும்.

சடைக்கு நேரடித் தொடர்பு இல்லை, காலம் மட்டும் ஒன்றாக அமைந்துவிட்டது. 9 முதல் 18 மாதத்துக்குள் மெத்தென்ற குட்டி முடி போய் முரட்டுச் சுருள் வரும். இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். மேலாக சீவினால் மேலே பஞ்சு மாதிரி இருக்கும், அடியில் கம்பளம் நெய்திருக்கும். காலின் கீழிருந்து தொடங்கி, 2 செ.மீ. வரிசை வரிசையாகப் பிரித்து, ஸ்லிக்கர் பிரஷ் (வளைந்த மெல்லிய கம்பிப் பற்கள் உள்ளது), பிறகு இரும்புச் சீப்பு. சீப்பு தோலைத் தொட்டு வழுக்கிக்கொண்டு வெளியே வந்தால்தான் அடுத்த வரிசை. காதுக்குப் பின்னால், அக்குள், கழுத்துப்பட்டை உரசுகிற இடம் மூன்றையும் தினம் பாருங்க. சிக்கு எடுக்காமல் குளிப்பாட்டாதீங்க. தண்ணீர் பட்டால் சடை இறுகிவிடும், அப்புறம் கிளிப்பர்தான் கதி. முடியாவிட்டால் கிளிப்பரில் 4எஃப் பிளேடு மாட்டி ஒரே நீளமாக இறக்கிடுங்க, 9.5 மி.மீ. நிற்கும். இறக்கிய அன்றைக்கே நாய் இரண்டு ஷேட் வெளுத்த மாதிரி தெரியும், பதறாதீங்க. கருப்பு நுனிகள் குப்பைக்குப் போனதுதான் காரணம்.

நிறக்கணக்கு:

மேலே சொன்னது சரி. எங்கே போய் நிற்கும் என்பதற்கு ஒரு துப்பு உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது: எட்டு வாரத்தில் கன்னங்கரேல்.

சில்வர் பூடிலும் கருப்பாகத்தான் பிறக்கும். ஆனால் ஆறு வாரத்தில் முகத்தையும் பாதத்தையும் வழித்தாலே வெள்ளி தெரிந்துவிடும். மீதி உடம்பு ‘கிளியர்’ ஆகி, அதாவது கருப்பு போய் இறுதி நிறத்துக்கு வந்து முடிய ஒன்றரை, இரண்டு வருடம். புளூ (ஈயச் சாம்பலாக மாறும் நிறம்) அப்படியல்ல. குட்டியில் கருப்பிலிருந்து பிரித்தறிவதே கடினம்; உற்றுப் பார்த்தால் விரல் இடுக்கில் நாலைந்து வெள்ளி முடி இருக்கலாம், அவ்வளவுதான். முதல் வருடம் முழுக்க ‘மட்டமான கருப்பு’ போலத் துருவேறிக் கிடந்து, இரண்டிலிருந்து மூன்று வயதுக்குள் ஈயச் சாம்பலாக நிலைபெறும். எட்டு வாரத்தில் முகம் வழித்த பிறகும் கருப்பாகவே இருந்திருந்தால், என் ஊகம் புளூ. மூக்கும் கண்ணோரமும் கருப்பாகவே இருக்கும், அவை வெளுக்காது.

இந்த நரைக்கும் தன்மை ஓங்கு பண்பு. ஒரு பெற்றோரிடமிருந்து வந்தாலே போதும். முதுமையைப் போல முகவாயில் மட்டும் வெள்ளை விழுவதல்ல இது. முகம், பாதம், வால் அடி என்று தொடங்கி உடம்புக்குப் பரவி, காதிலும் கொண்டையிலும் முடியும். பழுப்பு நாயில் இதே தன்மை இருந்தால் கஃபே ஓ லே (பால் காபி நிறம்) அல்லது சில்வர் பெய்ஜ் (அதைவிட வெளிர்) ஆகும். மூக்கு லிவர் நிறம் (ஈரல் பழுப்பு), கண் ஆம்பர் (தேன் நிறம்). ஆப்ரிகாட், கிரீம் நாய்கள் இதை வெளியே காட்டாமலே சுமந்து குட்டிக்குக் கொடுக்கலாம். அதனால் பெற்றோர் படத்தைக் கேட்கும்போது மூன்று வயதுக்கு மேற்பட்ட படமாகக் கேளுங்கள். ஒரு வயதுப் படத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

ரெட், ஆப்ரிகாட் வெளுப்பது வேறு கதை. அங்கே கருப்பு நிறமி முடிக்கே வருவதில்லை, இருப்பது சிவப்பு நிறமி மட்டும். அதன் அடர்த்தியைக் கூட்டிக் குறைக்கும் இடங்களில் ஒன்று கே.ஐ.டி.எல்.ஜி. ஜீனுக்கு அருகே இருப்பதாக 2020-ல் வெளியான ஆய்வு காட்டியது. அங்கே உள்ள ஒரு டி.என்.ஏ. துண்டு எத்தனை முறை திரும்பத் திரும்ப வருகிறதோ அந்த அளவுக்கு அடர்த்தி. ‘ரெட் நிற்கும்’ என்று வாய்வார்த்தையில் உறுதி தருபவரை நம்ப வேண்டாம். அடர் ரெட் குட்டி இரண்டு வயதில் ஆப்ரிகாட்டாகவும், ஆப்ரிகாட் கிரீமாகவும் இறங்குவது சர்வசாதாரணம். காது மடல் மட்டும் பழைய நிறத்தைக் கொஞ்சம் பிடித்து வைத்திருக்கும்.

வெள்ளிமூக்கு:

குறுக்கே ஒரு கேள்வி. முழுக்க கிளியர் ஆன சில்வர், நாலு வயது. தொடையில் தையல் போட்ட இடத்தில் ஒரு ரூபாய் அளவுக்குக் கருகரு என்று முடி வந்திருக்கிறது. ஏதாவது கட்டியா?

நிறக்கணக்கு:

தோல் சமமாக, தடிப்போ புண்ணோ இல்லாமல் இருந்தால் பயப்பட வேண்டாம். சில்வரிலும் புளூவிலும் காயம்பட்ட இடத்து முடி பிறந்தபோதிருந்த நிறத்தில் முளைப்பது வழக்கம். ஊசி போட்ட இடத்தில்கூடப் பொட்டு வைத்தாற்போல வரும். வெட்ட வெட்ட, அடுத்தடுத்து வருகிற முடி வெளுத்துக்கொண்டு போகும். சில மாதமாவது ஆகும். நாய்க் கண்காட்சி தேதி இருந்தால் அதை வைத்துத் திட்டமிடுங்கள்.

தோல்மருந்து:

நோய்ப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நிறம் மட்டும் மாறி, முடி அடர்த்தியாக, தோல் சுத்தமாக இருந்தால் மருத்துவரிடம் ஓட வேண்டியதில்லை. கூட வேறு ஏதாவது வந்தால்தான் கவலை.

இரு விலாவிலும் ஒரே மாதிரி முடி கொட்டி, வால் மொட்டையாகி, சாப்பாடு கூடாமலே எடை ஏறினால் தைராய்டு. பெரும்பாலும் நடுவயதில் வருவது, 11 மாதத்தில் அரிது. தண்ணீர் அதிகம் குடித்து வயிறு தொங்கினால் குஷிங்ஸ் (கார்டிசால் ஹார்மோன் மிகையாகும் நோய்). பூடிலில், குறிப்பாக ஸ்டாண்டர்ட் பூடிலில், மறக்கக் கூடாதது செபேஷியஸ் அடினைட்டிஸ்: எண்ணெய்ச் சுரப்பிகள் அழிவது. சுருள் தளர்ந்து முடி நேராகும், நிறமும் மங்கும். ஒரு முடியைப் பிடுங்கிப் பாருங்கள். வேரைச் சுற்றி உறை மாட்டினாற்போல வெள்ளைச் செதில் ஒட்டிக்கொண்டு வந்தால் சந்தேகப்படலாம். தலை உச்சி, கழுத்து, முதுகு முதலில். தோல் துண்டு எடுத்துப் பரிசோதித்தால்தான் உறுதி.

சாப்பாட்டில் ஒன்றுதான் முக்கியம். கருப்பு நிறமி டைரோசின், ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலங்களிலிருந்து உருவாகிறது. குட்டி வளர்வதற்குப் போதுமான அளவு, முடி முழுக்கக் கருப்பாக இருக்கப் போதாது. அப்போது வேரிலிருந்தே செம்பட்டையாக வரும். முழுமையான குட்டி உணவு தின்னும் நாய்க்கு இது பொதுவாக வராது; சோறும் காய்கறியும் மிகுந்து இறைச்சி குறைந்த தட்டில் வரும். சரிசெய்தாலும் வளர்ந்துவிட்ட முடி மாறாது, புது முடி வரும்வரை சில மாதம் பொறுக்க வேண்டும். நிறம் வரும் என்று தாமிர மாத்திரை மட்டும் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். நாய்க்குத் தாமிரம் கல்லீரலில் தேங்கும், நிறத்துக்கு ஆசைப்பட்டு ஈரலைக் கெடுத்த கதையாகிவிடும். ஊதா ஷாம்பூவும் வெளிர் முடியின் மஞ்சளை மறைக்கும், அவ்வளவே. சொன்ன நேரத்துக்கு மேல் ஊறவிட்டால் சில்வர் நாய் கத்திரிப்பூ நிறத்தில் வெளியே வரும்.

சுருள்வால்:

தோளில் எடுத்த முடி மொத்தம் 6 செ.மீ. அடியில் 2 செ.மீ. சாம்பல், நடுவில் 3 செ.மீ. கருப்பு, நுனியில் 1 செ.மீ. செம்பட்டை. செதில் இல்லை, விலாவில் முடி அடர்த்தியாகவே இருக்கிறது. சாப்பிடுவது குட்டிகளுக்கான முழு உணவு. சான்றிதழை மாற்ற வேண்டுமா?

கத்திரியும்சீப்பும்:

2 செ.மீ. என்றால் ஒன்றரை, இரண்டு மாதமாக சாம்பல் முளைக்குது. நுனிச் செம்பட்டை வெயில், அடுத்த கட்டிங்கில் போயிடும். சாம்பல் நிற்கத்தான் போகுது.

சான்றிதழுக்கு அவசரம் வேண்டாம். இரண்டு வயது தாண்டி, உடம்பில் ஒட்ட வழித்த இடமெல்லாம் ஒரே நிறமாக வந்ததும் திருத்தத்துக்கு எழுதுங்க. இப்பவே எழுதினால் இன்னொரு தரம் எழுத வேண்டி வரும். அதுவரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே தோளில், அதே மாதிரி ஒரு சிட்டிகை வெட்டி, தேதி போட்டு ஒட்டி வையுங்க. அட்டையை உறைக்குள் போட்டு இருட்டில் வைக்கணும், ஜன்னலோரம் வைத்தால் அந்த முடியும் வெளுத்துவிடும்.