142857: இந்த எண்ணை எங்கே சந்தித்தீர்கள்?

பாம்பன்காரி:
அப்பா போன பிறகு படகைப் பத்து லட்சத்துக்கு விற்றோம். நாங்கள் ஏழு பிள்ளைகள். பெரியண்ணன் ஒரு அட்டைப்பெட்டியைக் கிழித்து அதிலேயே வகுத்தார். ஆளுக்கு 1,42,857, மீதி ஒரு ரூபாய். ஒன்பதாவது படிக்கும் அக்கா மகள் எட்டிப் பார்த்து, இரண்டு பங்கைச் சேர்த்தாள்: 2,85,714. "சித்தி, அதே ஆறு நம்பர்தான், இடம் மட்டும் மாறியிருக்கு!" மூன்று பங்கு 4,28,571. நாலு 5,71,428. ஐந்து 7,14,285. ஆறு 8,57,142. ராட்டினம் மாதிரி அதே வரிசை சுற்றுகிறது. ஏழாவது பங்கும் சேர்ந்ததும் 9,99,999. அட்டை மேல் அந்த ஒற்றை ரூபாய். யாரும் தொடவில்லை. அம்மாதான் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

தேவிபட்டினத்தான்:
அக்கா, படிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. எனக்கு இது பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் கிடைத்தது. 1-ஐ 7-ஆல் வகுக்கச் சொன்னார் சார்: 0.142857. மீதி 3, 2, 6, 4, 5 என்று வந்து, கடைசியில் 1. "கிளம்பின இடத்துக்கே வந்துட்டோம், இனிமே இதேதான்" என்று சாக்பீஸைக் கீழே வைத்தார். 7-ஆல் வகுத்தால் வரக்கூடிய ஆறு மீதியும் ஒரே சுற்றில் வந்துவிடுகின்றன. எங்கே தொடங்கினாலும் அதே வளையம்தான்.

கீழக்கரை:
7-க்கு மட்டும் என்ன பெருமை? 17-ஐ எடுங்கள். வாப்பா கடைக் கால்குலேட்டர் 0.0588235 என்று நின்றுபோனது. பில் நோட்டின் பின்பக்கம் கையால் வகுத்தேன்: 0588235294117647. பதினாறு இலக்கம். இரண்டால் பெருக்கினால் 1176470588235294. இதுவும் சுற்றுகிறதே.

தேவிபட்டினத்தான்:
சுற்றுகிறது, சரி. ஆனால் முன்னால் நிற்கும் சுழியை எடுத்துப் பாருங்கள், வளையம் அறுந்துவிடும். சுழியில் தொடங்காமல் இப்படிச் சுற்றுவது நம் பத்தடிமான முறையில் 142857 ஒன்றுதான். அதனால்தான் அக்கா வீட்டுக் கணக்கில் அது அப்படியே கண்ணில் பட்டது.

தொண்டி:
எனக்குச் சொல்லப் பெரிய கதை இல்லை, தங்கச்சிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போது பார்த்ததுதான். ஆனால் பாம்பன் அக்காவுக்கு ஒன்று: அந்த அட்டையை உடனே லேமினேட் செய்யுங்கள். கடற்கரை ஈரக் காற்றில் அட்டை ஊறிப்போகும். பிள்ளையிடம் விடையைச் சொல்லிவிடாதீர்கள், தானாகக் கண்டுபிடிக்கட்டும். முதலில் எண்ணை இரண்டாக வெட்டிக் கூட்டச் சொல்லுங்கள்: 142, 857, ஆக 999. மூன்றாக வெட்டினால் 14, 28, 57, ஆக 99. அப்புறம் அந்த எண்ணை அதாலேயே பெருக்கட்டும்: 20408122449. அதை 20408, 122449 என்று பிரித்துக் கூட்டினால் மறுபடி 142857 வந்து நிற்கும். அடுத்து 1-ஐயும் 2-ஐயும் 13-ஆல் வகுக்கக் கொடுங்கள். அங்கே ஒரு வளையம் போதாது. 076923 என்று ஒன்று, 153846 என்று இன்னொன்று. ஏன் இரண்டு என்று அவளே கேட்பாள். கால்குலேட்டர் மட்டும் கையில் கொடுக்காதீர்கள்.

பாம்பன்காரி:
நேற்று ராத்திரி பெருக்கச் சொன்னேன் தம்பி. அதே அட்டையில்தான் செய்வேன் என்றாள். இடம் போதாமல் அண்ணன் போட்ட வகுத்தலுக்குப் பக்கவாட்டில் எழுதினாள். 122449-ஐயும் 20408-ஐயும் கூட்டி முடித்ததும் அம்மாவிடம் ஓடி, "ஆச்சி, அந்த ஒரு ரூபாயைக் காட்டுங்க" என்றாள்.