நாலு கோடு நிக்குது, பேச்சு மட்டும் அறுந்து போகுது

கேள்வி: சோமனூர் பக்கம் தகரக்கூரை தறிக்குடோனுங்க. சிக்னலை எண்ணாப் பார்க்க முடியுங்களா?

பதில்: போன்ல காட்டுற சிக்னல் கோடுகளை நம்பாதீங்க, போனுக்குப் போன் கணக்கு மாறும். ஆண்ட்ராய்டுல செட்டிங்ஸ், அபவுட் போன், சிம் ஸ்டேட்டஸ். அங்க டிபிஎம்னு (சிக்னல் பலத்தோட அளவு) மைனஸ் எண் இருக்கும். 4ஜில -85 நல்லது, -100 சுமார், -115க்குக் கீழ போனா பேச்சு தாங்காது. 3 டிபி குறைஞ்சாலே சக்தி பாதிங்க.

பதில்: ஐபோன்னா *3001#12345#* போட்டுக் கால் பண்ணுங்க, ஆர்எஸ்ஆர்பியைப் பாருங்க, 4ஜி சிக்னல் பலம் அதுதான்.

கேட்டவர்: வாசல்ல -92, தறிக்கு நடுவுல -117ங்க.

பதில்: அப்போ தகரந்தான், அலையைத் திருப்பி அடிச்சுரும். உள்ள வைஃபை இருந்தா வைஃபை காலிங்கைப் போட்டுவிடுங்க. வாசல்லயும் அறுந்தா எஸ்ஐஎன்ஆர் பாருங்க, இரைச்சலைவிட சிக்னல் எவ்வளவு மேலன்னு காட்டுற எண். 0க்குக் கீழன்னா இரைச்சல்தான் அதிகம். தறிச் சத்தமில்லீங்க, பக்கத்து டவர் அலை!