ஒரே வேலை, இரண்டு சம்பளம்: புகாரை எங்கே கொடுப்பது?

மூணாறில் ஒரு தமிழ்ச் செய்தி சேனலுக்கு 2021 முதல் நிருபராக இருக்கிறேன். என்னோடு ஒரே சமயத்தில் வேலைக்குச் சேர்ந்து, பீர்மேடு பகுதியைப் பார்க்கும் ஆண் நிருபருக்கு மாதம் 9,000 ரூபாய் கூடுதல். லைவ், பேட்டி, ராத்திரி அழைப்பு என்று வேலையில் எந்த வித்தியாசமும் இல்லை.

பீரோ தலைவரிடம் நேரில் கேட்டேன். சம்பளத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்றார். எச்.ஆருக்கு மின்னஞ்சல் அனுப்பி, நினைவூட்டியும் பதில் இல்லை. அப்புறம் போன மாதம், தோட்டத் தொழிலாளர் கூலிச் செய்தியிலிருந்தே என்னை எடுத்துவிட்டார்கள். எனக்கே சம்பளப் பிரச்சினை இருப்பதால் நடுநிலை கெடும் என்பது காரணம். இதுதான் அதிகம் வலிக்கிறது. 2015-இல் பெம்பிளை ஒருமை என்ற பெயரில் தேயிலைத் தோட்டப் பெண் தொழிலாளர்கள் கூலிக்காகப் போராடிய ஊர் இது. பிபிசியிலும் 2018-இல் அதன் சீன ஆசிரியர் கேரி கிரேசி, ஆண்களுக்குச் சமமான சம்பளம் இல்லை என்று அந்தப் பதவியிலிருந்து விலகியபோது, சம ஊதியம் பற்றிக் கருத்துச் சொன்ன தொகுப்பாளர்களை இப்படித்தான் ஒதுக்கினார்கள். ஆனால் பிபிசி தொகுப்பாளர் சமிரா அகமது 2020-இல் சம ஊதிய வழக்கில் தொழிலாளர் தீர்ப்பாயத்தில் வென்றார்.

1976 சம ஊதியச் சட்டத்தின் விதி 2019 ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது, அது தெரியும். என் நியமனக் கடிதமும் சம்பளமும் சென்னையிலிருந்து வருகின்றன, வேலை முழுக்கக் கேரளத்தில்.

புகாரை இடுக்கி மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டுமா, சென்னையிலா?