லேப்ராஸ்கோப் லென்ஸில் மூட்டம்: உங்கள் ஆபரேஷன் தியேட்டரில் எதனால் வருகிறது, எப்படிப் போகிறது?

தியேட்டர் டெக்னீஷியன்:
ஸ்கோப் (உடலுக்குள் விட்டுப் பார்க்கும் லென்ஸ் குழாய்) உள்ளே போன முதல் சில நிமிடங்களில்தான் தொல்லை அதிகம். ஏ.சி.யில் 20 டிகிரிக்குக் குளிர்ந்து கிடந்த கண்ணாடியை, 37 டிகிரிச் சூடும் முழு ஈரமும் உள்ள வயிற்றுக்குள் விடுகிறோம். 37 டிகிரியில் ஒரு லிட்டர் காற்று 44 மில்லிகிராம் நீராவியைத் தாங்கும்; 20 டிகிரியில் 17 மில்லிகிராம்தான். தாங்காத மிச்சம் நுனிக் கண்ணாடியில் துளித்துளியாக உட்கார்ந்துவிடுகிறது. நுனி 37-க்கு மேல் இருந்தால் அது உட்கார வழியில்லை. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

நுனியைச் சூடாக்க வேண்டியவை: ஸ்டெரைல் (கிருமி நீக்கிய) ஸ்டீல் ஃப்ளாஸ்க், அடியில் மடித்த காஸ் துணி (நுனி இரும்பில் இடிக்கக் கூடாது), 50 முதல் 60 டிகிரியில் ஸ்டெரைல் தண்ணீர். ஸ்கோப்பின் முன்பாதி மூழ்க வேண்டும். நுனியை மட்டும் நனைத்தால், குளிர்ந்திருக்கும் மீதிக் குழாய் சூட்டை இழுத்துக்கொள்ளும். ஒன்றிரண்டு நிமிடம் வைத்து, எடுத்துத் துடைத்து, உடனே உள்ளே விட வேண்டும். வெளியே எடுத்து மானிட்டரைப் பார்த்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தால், சூடு ஏற்றியதெல்லாம் ஏ.சி.க்குத்தான் போகும்.

கொதிக்கும் நீர் வேண்டாம். லென்ஸ் ஒட்டும் சீலும் அதை விரும்பாது, ஸ்கோப் தொடும் குடலும் விரும்பாது. சாலைனும் (உப்பு நீர்) வேண்டாம், காய்ந்தால் உப்பு படியும். ஃப்ளாஸ்க்கின் மேல் 'லென்ஸுக்கு மட்டும்' என்று கட்டாயம் எழுதி ஒட்டுங்கள். இர்ரிகேஷன் (வயிற்றைக் கழுவும் நீர்) என்று நினைத்து யாராவது அந்தத் தண்ணீரை வயிற்றுக்குள் ஊற்றிவிட்டால் கதை வேறு.

சர்ஜன்:
தண்ணீர் சரியாக இருந்தும் திரும்பத் திரும்ப மங்கினால், வயிற்றை உப்ப வைக்கும் கார்பன் டை ஆக்சைடு டியூப் எந்தப் போர்ட்டில் (கருவி நுழையும் துளையில்) இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் கேமரா போர்ட்டிலேயே இருக்கும், ஏனென்றால் முதலில் போட்ட போர்ட் அதுதான். சிலிண்டரிலிருந்து வரும் வாயு குளிர்ச்சியாக ஸ்கோப்பை உரசிக்கொண்டே இறங்கும். பித்தப்பை ஆபரேஷனில் தொப்புளில் 10 மி.மீ. கேமரா போர்ட் என்றால், மற்ற போர்ட்கள் போட்டு முடிந்ததும் டியூபை மேல்வயிற்றுப் போர்ட்டுக்கு மாற்றிவிடுங்கள். அரை நிமிட வேலை.

சக்ஷன் (உறிஞ்சும் குழாய்) போடும்போதெல்லாம் மங்குவதும் இதனால்தான். அழுத்தம் இறங்கும், இன்சஃப்ளேட்டர் (வாயு செலுத்தும் இயந்திரம்) அதை ஈடுகட்ட வேகமாக வாயுவைக் கொட்டும். சக்ஷனை விட்டு விட்டுப் போடுங்கள்.

ஸ்க்ரப் சிஸ்டர்:
சார், நுனிக்கு நேராக உலர்ந்த வாயு ஊதும் உறைகளும் வருகின்றனவே? வாயு பட்டால் மங்கும் என்றால் அது எப்படி உதவும்?

சர்ஜன்:
நல்ல கேள்வி சிஸ்டர். அந்த உறை கண்ணாடிக்கு முன்னால் உலர்ந்த வாயுவைத் திரைபோல விடுகிறது. ஈரக் காற்று கண்ணாடியை எட்டுவதே இல்லை. ட்ரோகார் (போர்ட்டில் செருகிய குழாய்) வழியாக வருவது திரையாகாது, குழாயைக் குளிரவைத்துவிட்டு வயிற்றுக்குள் பரவிவிடும்.

ஸ்க்ரப் சிஸ்டர்:
சரி சார். நான் சொல்ல வந்தது திரவங்களைப் பற்றி. ஆன்டி-ஃபாக் (மூட்டத் தடுப்புத் திரவம்) எதுவானாலும் வேலை ஒன்றுதான். நீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்து, துளியாக நிற்க வேண்டியதை மெல்லிய ஏடாகப் பரப்பிவிடும். துளி ஒளியைச் சிதறடிக்கும், ஏடு சிதறடிக்காது. நீர் படிவதை அது நிறுத்தாது. அதனால் குளிர்ந்த ஸ்கோப்பில் எத்தனை சொட்டு விட்டாலும் கொஞ்ச நேரம்தான் தாங்கும்.

ஸ்பாஞ்சில் இரண்டு சொட்டு, நுனியை ஒற்றி எடுத்து, மென்மையான துணியால் ஒரு துடைப்பு. வழிய வழிய விட்டால் படமே எண்ணெய்ப் பூச்சு மாதிரி தெரியும். பெட்டாடின் (அயோடின் கிருமிநாசினி) பல இடங்களில் கைவசம் இருப்பதால் போடுகிறார்கள். பலன் உண்டு, ஆனால் காய்ந்தால் பழுப்பாகப் படிந்து நிறத்தை மாற்றிவிடும். ஒயிட் பேலன்ஸை (கேமராவுக்கு வெள்ளையைக் காட்டி நிறம் சரிசெய்வதை) லென்ஸ் சுத்தமான பிறகுதான் செய்ய வேண்டும்.

இன்னொன்று, மூட்டம் என்று திட்டுவதில் பாதி மூட்டமே இல்லை. ட்ரோகாருக்குள் ஒட்டிய இரத்தமும் கொழுப்பும்தான். ஸ்கோப்பைப் பத்துத் தடவை துடைத்தாலும் அந்தக் குழாய் வழியாகத்தானே திரும்பப் போகிறது? நீண்ட கிரிப்பரில் காஸைப் பிடித்து ட்ரோகார் உள்பக்கத்தையும் வால்வையும் துடைத்துவிடுங்கள்.

ஈ.என்.டி.:
சிஸ்டர் சொன்னதோடு ஒரு எச்சரிக்கை. மூக்கு எண்டோஸ்கோப்பியில் மூட்டம் வராமலிருக்கச் சாவ்லான் தொட்டுக்கொள்ளும் பழக்கம் உண்டு. அதில் குளோர்ஹெக்சிடின் இருக்கிறது. செவிப்பறையில் ஓட்டை உள்ள காதுக்குள் அந்த ஸ்கோப் போகக் கூடாது, நடுக்காது வழியாக உள்காதைக் கெடுக்கும். கண்ணில் பட்டால் கருவிழிக்கு ஆபத்து.

தொண்டை பார்க்கும் கண்ணாடிக்குப் பழைய வழியே போதும்: ஸ்பிரிட் விளக்கில் கண்ணாடிப் பக்கத்தைச் சில நொடி காட்டி, பின்பக்கத்தை நம் புறங்கையில் வைத்துச் சூடு பார்த்த பிறகே நோயாளியின் வாய்க்குள்.

பயோமெடிக்கல் (கருவிப் பராமரிப்பு):
துடைக்க ஆரம்பிக்கும் முன், மங்கல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். படத்தின் வட்ட விளிம்பைப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக மங்கி, விளிம்பு மட்டும் கூர்மையாக இருந்தால் கோளாறு நுனியில். விளிம்பும் சேர்ந்து மங்கினால் ஐபீஸுக்கும் (ஸ்கோப்பில் கண் வைக்கும் முனை) கேமரா தலைக்கும் நடுவில். ஃபோகஸ் தவறினாலும் விளிம்பு மங்கும் என்பதால், முதலில் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பிப் பார்த்துவிடுங்கள்.

ஐபீஸ் மூட்டத்துக்குக் காரணம் பெரும்பாலும் ஈரம்தான்: கழுவிய பின் சரியாகக் காயாத கப்ளர் (கேமராவை ஸ்கோப்போடு இணைக்கும் பகுதி), ஆட்டோகிளேவிலிருந்து (நீராவியில் கிருமி நீக்கும் கருவி) சூடாறாமல் வந்த ஸ்கோப், கேமரா உறைக்குள் இறங்கிய தண்ணீர். கழற்றி, இரண்டு கண்ணாடியையும் காய்ந்த ஸ்டெரைல் துணியால் துடைத்து மாட்டினால் போய்விடும். ஆன்டி-ஃபாக்கை இங்கே தடவாதீர்கள்.

இரண்டு முனையும் துடைத்தாயிற்று, இன்னும் மங்கலா? கேமராவைக் கழற்றிவிட்டு, லைட் கேபிள் மாட்டாமல், ஐபீஸ் வழியாக வெள்ளைத் தாளை நேரே கண்ணால் பாருங்கள். அப்போதும் பால்போல் தெரிந்தால் சீல் விட்டு ஈரம் உள்ளே போயிருக்கிறது. சூடாக்கினால் தெளிந்து, ஆறினால் திரும்ப வரும். அந்த ஸ்கோப் பழுதுக்குத்தான் போக வேண்டும். சீல் விடுவதற்கு ஒரு காரணம், 134 டிகிரி ஆட்டோகிளேவிலிருந்து எடுத்ததும் அவசரத்துக்குக் குளிர்ந்த சாலைனில் முக்குவது. அடுத்த கேஸ் காத்திருக்கிறது என்பதற்காக இப்படிச் செய்து மிச்சப்படுத்தும் பத்து நிமிடத்துக்கு ஒரு ஸ்கோப் விலை.

தியேட்டர் டெக்னீஷியன்:
லைட்டை முன்கூட்டியே எரியவிட்டு நுனியைச் சூடாக்கும் பழக்கத்தையும் சொல்ல வேண்டும். சிறிது உதவும். ஆனால் ஸ்கோப்பைத் துணி மேல் வைக்கும் நொடியில் ஸ்டாண்ட்பை போடாவிட்டால் டிரேப் (நோயாளியை மூடும் துணி) கருகும், கீழே இருக்கும் தோலும் சுடும்.

ஆர்த்தோ (எலும்பு-மூட்டு):
முழங்கால் ஆர்த்ரோஸ்கோப்பியில் (மூட்டுக்குள் ஸ்கோப் விட்டுப் பார்ப்பது) நுனி திரவத்துக்குள்ளேயே இருப்பதால் அங்கே மூட்டம் வராது. அதனால் படம் மங்கினால் நுனியைத் துடைத்து நேரம் போக்காமல் நேராக கேமரா இணைப்பைக் கழற்றுங்கள். அங்கே ஈரம் இல்லையென்றால் கலங்கிய திரவம்தான், அவுட்ஃப்ளோவை (திரவம் வெளியேறும் வழி) திறந்துவிடுங்கள்.