அம்மாவுக்குப் புரதம்: வீட்டுச் சாப்பாடு போதுமா, ரின் மா வாங்கத்தான் வேணுமா?

கோண்டாவில்_மகள்:
வணக்கம். அம்மாவுக்கு 66 வயசு, நிறை 55 கிலோ. வெள்ளி, செவ்வாய் மச்சம் இல்லை, நல்லூர்க் கொடி ஏறினால் 25 நாளும் சைவம்தான். மற்ற நாளிலும் மீன் துண்டுகளை எங்களுக்குப் போட்டுவிட்டு புட்டும் சொதியும் சாப்பிட்டு எழும்பிவிடுவார். இப்போது கதிரையிலிருந்து எழும்ப கை ஊன்ற வேண்டியிருக்கிறது. தம்பி தான் ஜிம்முக்குக் குடிக்கிற, ரின்னில் வருகிற புரத மாவையே கரைத்துக் கொடுக்கலாம் என்கிறான். அம்மாவோ "அது பெடியள் உடம்பு ஏத்துற மா, எனக்குச் சிறுநீரகம் பழுதாகும்" என்று பயப்படுகிறார். என்ன செய்யலாம்?

சத்துக்கணக்கு:
பெரியவர்களுக்கு ஒரு கிலோ நிறைக்கு நாளுக்கு 0.8 கிராம் என்பது பொதுக் கணக்கு. 65 தாண்டினால் 1 முதல் 1.2 கிராம் வரை வேணும் என்று முதியோர் சத்துணவு நிபுணர்கள் சொல்கிறார்கள், ஏனென்றால் வயது போகப் போக அதே புரதத்தில் உடம்பு முன்போலத் தசை கட்டாது. அப்படிப் பார்த்தால் அம்மாவுக்கு 55 முதல் 66 கிராம். முட்டை ஒன்றில் 6 கிராம், சமைத்த மீன் 100 கிராமில் 20க்கு மேல், கெட்டியாக அவித்த பருப்பு 100 கிராமில் 8 போல, சோற்றில் இரண்டரைதான். சொதியில் இருப்பது பெரும்பாலும் கொழுப்பு. எங்கள் வீடுகளில் பருப்பு இல்லாமல் இல்லை, ஒரு கோப்பை புட்டுக்கு ஒரு கரண்டி பருப்பு என்ற கணக்குத்தான் பிழை.

சிறுநீரகம் நல்லாக இருந்தால் இந்த அளவு அதைப் பழுதாக்காது. சீனி வருத்தம், பிரஷர் இருந்தால் மட்டும் முதலில் கிளினிக்கில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற இரத்தச் சோதனை) பார்த்துவிட்டு அளவைக் கூட்டுங்கோ. அப்புறம், கதிரையில் இருந்து எழும்பிப் பழகுவதையும் விடக்கூடாது, அசையாத காலில் தசை பிடிக்காது.

பாசையூர்_அன்ரி:
பிள்ளை பெரியவளானால் உழுத்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும், பிள்ளைப்பெத்தவளுக்குச் சுறா வறை. இதெல்லாம் எங்கட ஆக்கள் காலங்காலமாகக் கொடுத்தவைதான். ஐம்பது தாண்டின பொம்பிளைக்கு மட்டும் ஒருத்தரும் எதுவும் கொடுப்பதில்லை, அவளும் கேட்கமாட்டாள், அதுதான் எனக்குப் பொறுக்குதில்லை. பிள்ளை, முதலில் அம்மாவின் கோப்பையில் நீங்களே மீனைப் போடுங்கோ. சூடையும் நெத்தலியும் போதும், விளைமீன்தான் வேணுமென்று இல்லை. சைவ நாளில் அரிசிமாவோடு வறுத்து இடித்த உழுத்தம்மாவைக் கலந்து புட்டு அவியுங்கோ, கொஞ்சம் கொஞ்சமாகச் சுடுதண்ணி தெளித்துக் குழைக்க வேணும், இல்லாவிட்டால் கட்டிபட்டுவிடும். சோயா மீற்றையும் ஒதுக்காதீங்கோ.

சத்துக்கணக்கு:
அன்ரி சொன்ன கலவைக்குக் காரணம் உண்டு. அரிசியில் லைசின் என்ற புரதக் கூறு குறைவு, உழுந்தில் அது நிறைய, இரண்டும் ஒன்றையொன்று நிரப்பும். உலர்ந்த சோயா மீற்றின் நிறையில் பாதி அளவு புரதமே இருக்கு.

கடைக்காரத்தம்பி:
நான் கடையில் நிற்கிறவன். பெட்டியின் முன்பக்கத்தில் புரதம் என்று பெரிதாகப் போட்டிருந்தால் சனம் கேள்வி கேட்காமல் எடுக்குது. பின்னால் திருப்பி 100 கிராமுக்கு எத்தனை என்று பாருங்கோ, சேர்மானத்தில் முதலில் வருவது கோதுமை மாவும் சீனியும் என்றால் அது பிஸ்கட்தான், மருந்து இல்லை. ஜிம்முக்குக் குடிக்கிற ரின் மா பலவற்றில் ஒரு அளவுக் கரண்டிக்கு 20 கிராமுக்கு மேல் புரதம் கிடைக்கும் என்பது உண்மை, சாப்பாடு இறங்காதவருக்கு டொக்டர் சொன்னால் உதவும். நல்லாகச் சாப்பிடுகிறவருக்கு அந்தக் காசில் முட்டை, பயறு, கௌபி எவ்வளவு வாங்கலாம் என்று ஒருக்கால் கணக்குப் போட்டுப் பாருங்கோ.

கோண்டாவில்_மகள்:
எல்லாருக்கும் நன்றி. அம்மாவுக்குச் சீனி வருத்தம் இருக்கு, அதனால் அடுத்த கிளினிக்கில் கேட்டுவிட்டுத்தான் தொடங்குவேன். ஒரு கேள்வி: பல்லு கட்டியிருக்கிறார், கடலை, கௌபி மெல்ல ஏலாது. என்ன வழி?

பாசையூர்_அன்ரி:
இரவே ஊறவைத்து, நல்லாகக் குழைய அவித்து, அகப்பையால் மசித்து, சின்ன வெங்காயமும் செத்தல் மிளகாயும் தாளித்து, கொஞ்சம் தேங்காய்ப்பூ போடுங்கோ. இடியப்பத்துக்குச் சம்பலைக் குறைத்து இதை வையுங்கோ. பயறு அதைவிடச் சுகம், ஊறப்போடாமலே கெதியாக அவியும். பக்கத்தில் ஒரு கிண்ணம் தயிரும் வைக்கலாம், நல்லூர்க் காலத்துக்கும் ஒத்துவரும்.