'டிராக்'குக்கு என் பரிந்துரை: விடுபிடி

வணக்கம் நண்பர்களே,

இந்த இழையை முதல் மடலிலிருந்து இன்னொரு முறை படித்துவிட்டு எழுதுகிறேன். கடலில் அடித்தூண்டில் (இரையைக் கடலடித் தரைக்கு இறக்கிப் பிடிக்கும் முறை) போடப் புதிதாக வருபவருக்கு, என்னென்ன கருவி வாங்குவது என்று சொல்லும் கையேட்டில், ரீலின், அதாவது நரம்பு எனப்படும் தூண்டில் நூலைச் சுற்றிவைக்கும் உருளையுள்ள கருவியின், 'டிராக்'கை (மீன் பலமாக இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் உறுப்பை) என்னவென்று எழுதுவது என்பதுதான் கேள்வி. இதுவரை இழுவை, தடை, உராய்வுப்பிடி என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. எனக்கு மூன்றுமே சரியாகப் படவில்லை. நான் முன்வைப்பது விடுபிடி. ஏன் என்று கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ஆங்கிலச் சொல்லுக்கு நேர்ப்பொருள் இழுவைதானே, அதையே வைத்துக்கொண்டால் என்ன?

அந்த நேர்ப்பொருள்தான் புதியவரைக் கவிழ்க்கிறது. ரீல் பெட்டியின் மேல் 'உச்ச இழுவை 12 கிலோ' என்று போட்டிருந்தால் படிப்பவருக்கு என்ன தோன்றும்? இந்த ரீல் 12 கிலோ மீனை இழுத்துவிடும் என்றுதானே. நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் ரீலை வாங்கியபோது, முன்னால் இருக்கும் திருகை இறுக்க இறுக்க இழுவை கூடும் என்று சொல்லிக் கொடுத்தார்கள், இழுவை கூடினால் நல்லதுதானே என்று முழுக்க இறுக்கிக்கொண்டு போனேன். அன்றைக்குக் கடித்த முதல் பெரிய மீன் ஒரே இழுப்பில் முடிச்சோடு அறுத்துக்கொண்டு போனது. நரம்பு மட்டமானது என்று முடிவு செய்து இன்னும் தடித்த நரம்பு வாங்கினேன். கோளாறு நரம்பில் இல்லை, அந்தச் சொல்லை நான் புரிந்துகொண்ட விதத்தில் இருந்தது என்று தெரிய வெகு நாள் ஆயிற்று. இந்தச் சொல்லுக்காக நான் இவ்வளவு மல்லுக்கு நிற்பது அதனால்தான்.

இன்னொன்று, மீன்பிடியில் இழுவை என்ற சொல்லுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. இழுவலை இருக்கிறது. ஓடும் படகுக்குப் பின்னால் இரையை இழுத்துக்கொண்டு போகும் முறையையும் இழுவை என்றே சொல்கிறோம். அதே கையேட்டில் இரண்டு பக்கம் தள்ளி அதே சொல்லை வேறு பொருளில் போட்டால் படிப்பவர் எதைப் பிடித்துக்கொள்வார்?

தடை என்பதில் வேறு சிக்கல். படுக்கை உருளை ரீல்கள் பலவற்றில், வீசும்போது உருளை கட்டுமீறிச் சுற்றி நரம்பு சிக்காமல் இருக்கத் தனியாக ஒரு பிரேக் உண்டு. தடை என்ற சொல் அதற்குத்தான் பொருந்தும். டிராக் வேறு உறுப்பு, வேறு வேலை.

உராய்வுப்பிடி என்று எழுதியவர் உள்ளே இருப்பதைச் சரியாகப் பார்த்திருக்கிறார். கழற்றிப் பார்த்தால் உலோகத் தட்டுகளும், அவற்றுக்கு நடுவே கம்பளி அட்டை போன்ற வட்டுகளும் அல்லது கரியிழை வட்டுகளும் அடுக்கடுக்காக இருக்கும், திருகை இறுக்கினால் அடுக்கு நெருங்கி உராய்வு கூடும். ரீலைப் பழுது பார்ப்பவருக்கு அது நல்ல சொல். ஆனால் கோலைக் கையில் பிடித்து நிற்பவர் தெரிந்துகொள்ள வேண்டியது உள்ளே என்ன இருக்கிறது என்பதை அல்ல, அது எப்போது விட்டுக்கொடுக்கும் என்பதை. மீனின் இழுப்பு நாம் வைத்த அளவைத் தாண்டினால் உருளை நழுவி நரம்பைக் கொடுக்கும், இழுப்பு தணிந்தால் பிடித்துக்கொள்ளும், அப்போது நாம் சுற்றலாம். அவ்வளவுதான் அதன் வேலை.

இதற்குத் தமிழில் யாரும் புதிதாக எதையும் உண்டாக்க வேண்டியதில்லை. 'விட்டுப் பிடி' என்று நாம் தினமும் சொல்கிறோம். பட்டம் விடும் பிள்ளைக்குச் சொல்கிறோம், கோபத்தில் இருக்கும் ஆளிடம் பேசப் போகிறவருக்குச் சொல்கிறோம். அதைச் சுருக்கினால் விடுபிடி. ஊறுகாய், சுடுகாடு போல வினைத்தொகை, விட்ட பிடி, விடுகின்ற பிடி, விடும் பிடி என்று மூன்று காலத்துக்கும் விரியும். மீன் ஓடும்போதெல்லாம் விடும், நின்றால் பிடிக்கும், அந்தப் பொருளுக்குக் காலம் காட்டாத தொகைதான் ஏற்றது என்று எனக்குப் படுகிறது. சொல்லில் விடு முன்னாலும் பிடி பின்னாலும் நிற்பதும் எனக்கு நிறைவாக இருக்கிறது.

> விடுபிடி என்றால் 'விடுபட்டுப் போவது' போல ஒலிக்காதா? நழுவுபிடி, தளர்பிடி எல்லாம் பரவாயில்லையே?

ஒலிக்கலாம், முதல் தடவை கேட்கும்போது. ஆனால் நழுவுபிடி என்றால் பிடி தவறியது போல இருக்கிறது, தளர்பிடி என்றால் எப்போதுமே தொளதொளவென்று இருக்கும் பிடி. இரண்டிலும் திரும்பப் பிடிக்கும் பாதி இல்லை.

சரி, ஒரு சொல் நல்லதா என்று பார்க்க அதை வேலையில் விட்டுப் பார்க்க வேண்டும். கையேட்டின் பகுதியையே இந்தச் சொல்லோடு எழுதிப் பார்த்தேன்.

முதலில் நரம்பைத் தீர்மானியுங்கள், அப்புறம் ரீல். புதியவருக்கு 14 கிலோ தாங்கும் பின்னல் நூல் போதும் என்று வைத்துக்கொள்வோம். விடுபிடி அந்தத் தாங்குதிறனில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இருக்கட்டும், அதாவது மூன்றரையிலிருந்து நாலரை கிலோவுக்குள். கோலின் வளையங்களில் நரம்பு உரசுவதாலும் முடிச்சுகள் நரம்பைவிட வலு குறைந்தவை என்பதாலும் மிச்சம் வைக்க வேண்டியிருக்கிறது. விரல் கணக்கில் இறுக்காதீர்கள், ஒரு சுருள்வில் தராசில் நரம்பைக் கட்டி இழுத்து, எந்த எண்ணில் உருளை நழுவத் தொடங்குகிறது என்று பாருங்கள். நாலு கிலோ இழுப்பைக் கோலில் தாங்கி ஒரு நிமிடம் நின்று பார்த்தால், பெட்டியில் போட்டிருக்கும் 15, 20 கிலோ எண்ணெல்லாம் தொடக்கத்தில் நமக்குத் தேவையே இல்லை என்று கையே சொல்லிவிடும்.

அப்படியானால் வாங்கும்போது எதைப் பார்ப்பது? உச்ச விடுபிடியை விட, அது வழவழப்பாக விடுகிறதா என்பதை. நின்றிருக்கும் பொருளை நகர்த்தத் தேவைப்படும் விசை, நகர்கிறதைத் தொடர்ந்து நகர்த்தத் தேவைப்படுவதைவிட அதிகம். மட்டமான விடுபிடியில் இந்த வித்தியாசம் பெரிதாக இருக்கும், முதலில் ஒட்டிக்கொண்டு நிற்கும், பிறகு வெடுக்கென்று விடும், அந்த வெடுக்கில்தான் முடிச்சு போகும். பாதி இறுக்கத்தில் வைத்து நரம்பைக் கையால் மெதுவாக இழுத்தாலே இது தெரிந்துவிடும். பின்னல் நூலுக்கு இது இன்னும் முக்கியம், தங்கூசி (ஒற்றை இழை நைலான் நரம்பு) போல அது நீண்டு கொடுக்காது, அதிர்ச்சியைத் தாங்க விடுபிடியும் கோலின் வளைவும்தான் உண்டு.

மீன் வெகுதூரம் ஓடிவிட்டால் பதறி இறுக்காதீர்கள். உருளையில் நரம்பு குறையக் குறையச் சுற்றின் ஆரம் குறையும், ஆரம் பாதியானால் அதே திருகு நிலையில் நரம்பின் மேல் இழுப்பு இரு மடங்காகும். நீங்கள் தொடாமலே விடுபிடி இறுகிவிட்டது என்று பொருள்.

இந்த வாக்கியங்களில் விடுபிடிக்குப் பதில் இழுவை என்று போட்டுப் படித்துப் பாருங்கள். 'நீங்கள் தொடாமலே இழுவை இறுகிவிட்டது' என்றால் ஒன்றும் விளங்கவில்லை.

அடித்தூண்டிலுக்கே உரிய ஒரு விஷயமும் இந்தச் சொல்லுக்குச் சாட்சி சொல்கிறது. களவா போன்ற பார்மீன் முள்ளைக் கவ்வியதும் முதல் சில நொடிகளில் பாறைப் பொந்துக்குள் நுழையப் பார்க்கும். அதனால் இங்கே விடுபிடியைத் திறந்த நீரில் பிடிப்பதை விடக் கொஞ்சம் இறுக்கமாக வைத்து, முதல் சில சுற்றுகளில் மீனைத் தரையிலிருந்து கிளப்பிவிட வேண்டும். அப்படியும் பொந்தில் புகுந்து செவுளை விரித்து உட்கார்ந்துகொண்டால் முரட்டுத்தனமாக இழுத்துப் பயனில்லை, நரம்பைத் தளர விட்டுச் சில நிமிடம் காத்திருந்தால் சில நேரம் அதுவே வெளியே வரும். விட்டுப் பிடி என்பதற்கு இதைவிட நேரான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. தூண்டில் பாறையில் மாட்டிக்கொண்டால் கதை வேறு, அப்போது கோலை வளைத்து இழுக்காமல் நரம்புக்கு நேராக நீட்டி, உருளை சுற்றாமல் பிடித்துக்கொண்டு பின்வாங்க வேண்டும், இல்லையென்றால் கோல் முறியும்.

ஒரு குறிப்பு கட்டாயம் சேர வேண்டும். பின்னல் நூலை நேரடியாக உருளையில் கட்டினால் மொத்தச் சுற்றும் உருளை மேல் வழுக்கிச் சுழலும், விடுபிடி கெட்டுவிட்டது என்று பலர் ரீலைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்புவார்கள். அடியில் சில சுற்று தங்கூசி போட்டு அதன் மேல் பின்னலைச் சுற்றினால் சரியாகிவிடும். வீடு திரும்பியதும், ரீலை நன்னீரில் மெதுவாகக் கழுவும் வரை திருகு இறுகியே இருக்கட்டும், உப்புநீர் வட்டுகளுக்குள் போகாது. காய்ந்த பின் தளர்த்தி வையுங்கள், வட்டுகள் நசுங்கிப் போகாது.

கிளைச் சொற்களும் தடங்கலில்லாமல் வருகின்றன. விடுபிடித் திருகு, விடுபிடி அளவு, உச்ச விடுபிடி, நெம்புகோல் விடுபிடி. நட்சத்திர வடிவச் சக்கரம் உள்ளதை நட்சத்திர விடுபிடி எனலாம்.

மற்றவற்றுக்கு என் கருத்து சுருக்கமாக. ஈயம், சுழலி, கோல், முள் எல்லாம் ஏற்கெனவே புழங்குகின்றன, அவற்றைத் தொட வேண்டாம். ரீலும் ரீலாகவே இருக்கட்டும், அதை யாரும் தவறாகப் புரிந்துகொள்வதில்லை. நான் மாற்றச் சொல்வது தவறான பொருளைக் காட்டும் சொற்களை மட்டும். அந்த வகையில் 'சர்க்கிள் ஹூக்'குக்கு வந்த வட்டமுள் எனக்குச் சம்மதமில்லை, அது வட்டம் அல்ல, முனை உள்நோக்கித் தண்டுப் பக்கம் திரும்பியது. கோலை வெடுக்கென்று தூக்காமல் சீராகச் சுற்றினால் பெரும்பாலும் வாயோரத்தில் போய் மாட்டும், அதனால்தான் புதியவருக்கு நல்லது. சங்கப் பாட்டில் தூண்டில் முள்ளைக் கொடுவாய் இரும்பு என்றிருக்கிறார்கள், வளைந்த வாய் என்று எவ்வளவு கச்சிதம் பாருங்கள். உள்வாய் முள் என்று வைக்கலாமா? இதற்குத் தனி இழை தொடங்குவோம்.

விடுபிடிக்குச் சொல்லடைவில் போட நான் எழுதிய வரி இது, திருத்த வேண்டியதைத் திருத்துங்கள்:

விடுபிடி: நரம்பின் மேல் இழுப்பு நாம் வைத்த அளவைத் தாண்டும்போது நரம்பை விட்டுக்கொடுத்து, தணிந்ததும் பிடித்துக்கொள்ளும் ரீல் உறுப்பு, அந்த அளவுக்கும் இதுவே பெயர்.