எஸ்.பி. ரோட்டில் டிடிஆர்3எல் ரேம் சோதித்துத் தரும் கடை எது?

பெங்களூரு நண்பர்களுக்கு வணக்கம். அல்சூரில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் படிக்கும் மூன்று பழைய லேப்டாப்களுக்கு ரேம் கூட்ட வேண்டும். மூன்றிலும் இருப்பது இன்டெல்லின் நான்காம் தலைமுறை ஐ3 ப்ராசசர்.

தேவை: லேப்டாப்புக்கான 8 ஜிபி டிடிஆர்3எல், 1600 வேகம், மூன்று. கடைசியில் வரும் அந்த 'எல்' ரொம்ப முக்கியம். அது 1.35 வோல்ட்டில் ஓடும். சாதா டிடிஆர்3க்கு 1.5 வோல்ட் வேண்டும். அதைப் போட்டால் இந்த லேப்டாப்கள் பெரும்பாலும் கருந்திரையோடு நின்றுவிடும். டிடிஆர்4 உள்ளேயே போகாது. அதற்கு 260 பின் (ஸ்லாட்டைத் தொடும் உலோகப் பட்டைகள்), இதற்கு 204. நடுவில் இருக்கும் வெட்டும் இடம் மாறியிருக்கும். யாரும் அழுத்தித் திணிக்காதீர்கள், ஸ்லாட் போய்விடும்.

பழைய ரேம் என்றாலும் பரவாயில்லை, கண்ணெதிரே செருகி ஓட்டிக் காட்டும் கடையாக இருக்க வேண்டும்.

இன்னொன்று. ஒரு லேப்டாப்பில் இருக்கும் 4 ஜிபியோடு இரவல் வாங்கிய 8 ஜிபியைச் சேர்த்தால் திரை வருவதில்லை. தனித்தனியே போட்டால் இரண்டு ஸ்லாட்டிலும் இரண்டும் ஓடுகின்றன. பின்களை அழிரப்பரால் துடைத்தாயிற்று, பேட்டரியைக் கழற்றியும் பார்த்தாயிற்று. பயாஸை (லேப்டாப்பைத் துவக்கும் மென்பொருள்) அப்டேட் செய்தால் தீருமா, ஒரே கம்பெனி ஜோடிதான் போட வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். அரையாண்டுத் தேர்வுக்கு முன் முடித்தாக வேண்டும்.